எலியின் சாட்சியம்

1

கவிதையில் உவமை ஒரு சாதுவான காரியம். முகத்தைத் தாமரை என்று சொல்வதால் தாமரைக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. உவமை பொருந்தவில்லை என்றால் கவிஞன் வேறொன்றைத் தேடிக்கொள்கிறான். குளத்தில் இறங்கித் தாமரையைத் திருத்துவதில்லை. பரிசோதனைக்கூடத்தில் விஷயம் வேறு. அங்கே ஒரு சுண்டெலியைக் குழந்தைக்கு உவமானமாக நிறுத்த வேண்டுமென்றால் குழந்தைக்கு வந்த நோய் சுண்டெலிக்கும் வந்தாக வேண்டும். வந்த நோய் குழந்தையின் நோயைப் போல் போதுமான அளவு கொடியதாக இல்லையென்றால் உவமானத்தைத் திருத்துகிறார்கள். அதாவது, எலியை மேலும் நோயாளியாக்குகிறார்கள்.

இந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தசைச் சிதைவு நோயில் கொழுப்புக்கு என்ன பங்கு என்று சுண்டெலிகளிடம் தேடிய சில ஆய்வுகளே என் முன் இருக்கும் ஆதாரம். நான் விஞ்ஞானி அல்ல. இவற்றைப் படித்ததற்குக் காரணம் அறிவுத் தாகமும் அல்ல. என் அக்கா மகன் இந்த நோயில் 1998-ல், 19 வயதில் செத்துப்போனான். அவன் பிழைக்க எத்தனை எலிகளை வேண்டுமானாலும் கொன்றுகொள்ளுங்கள் என்று அந்த நாட்களில் யாராவது என்னிடம் கையெழுத்துக் கேட்டிருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் அந்தக் கையெழுத்துக்குத் தயாராக இருந்தவன்தான் என்பதை வாசகர் மறக்க வேண்டாம்.

2

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1868-ல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் கொடுத்த பெயரிலேயே 'பொய்ப் பருமன்' என்ற பொருள் இருந்தது. சிறு பையன்களுக்கு வரும் நோய். கெண்டைக்கால் பயில்வானுக்கு இருப்பதுபோல் திரண்டிருக்கும். ஆனால் பையன் மாடிப்படி ஏற முடியாமல் தடுமாறுவான். உயிரோடிருக்கும் குழந்தையின் தசையிலிருந்து ஒரு துணுக்கை எடுப்பதற்கு ஊசி போன்ற கருவி ஒன்றையும் டுஷேன் உருவாக்கிக்கொண்டார். அந்தத் துணுக்கில் தசையிழைகள் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் இருந்தன. கால் திரண்டிருந்தது தசையால் அல்ல, தசை போன இடத்தை நிரப்பியவற்றால்.

எங்கள் வீட்டில் யாரும் டுஷேனைப் படித்திருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், 1984-ல், ஐந்து வயதுப் பையன் ஓடும்போது அடிக்கடி விழுந்தான். விழுந்தால், கைகளைத் தன் முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி ஊன்றி, தன் மேலேயே தான் ஏறுகிறவன்போல் எழுந்தான். நாங்கள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். என் அம்மா அவன் காலைப் பிடித்துக் காட்டுவாள்: "ஏல, பயலுக்குக் கெண்ட எப்படித் தெரண்டிருக்கு பாத்தியா." அந்தத் திரட்சிக்கு அவள் தன்னையே காரணமாக நினைத்தாள். அவன் சோற்றில் நெய் ஊற்றும்போது அவள் கணக்குப் பார்த்ததில்லை. பிறகு, அவன் பலவீனப்பட்டது தெரிந்ததும், நெய் இரண்டு மடங்காயிற்று. 7 வயதில் நோயின் பெயர் தெரிந்தது. 11 வயதில் நடை நின்றது. நெய் நிற்கவில்லை.

அவன் விழத் தொடங்கிய அதே 1984-ல் ஒரு சுண்டெலிக் கூட்டத்தில் இதே நோயுள்ள எலிகள் இருப்பதாக ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. தசை உடையும்போது ரத்தத்தில் கசியும் என்ஸைம்கள் அந்த எலிகளிடம் அளவுக்கு மீறி இருந்தன. எம்டிஎக்ஸ் என்று அதற்குப் பெயர். 1987-ல் போஸ்டனில் இருந்த ஆய்வாளர்கள், இந்த நோயில் இல்லாமல்போகும் புரதத்தைக் கண்டுபிடித்து அதற்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டார்கள். தசைச் செல்லின் உள்கட்டுமானத்தையும் அதன் சவ்வையும் இணைத்துப் பிடிக்கும் கயிறு அது. கயிறு இல்லாதபோது தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சவ்வு கிழிகிறது. உடம்பு அதைத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் தைக்க முடியாமல் போகிறது. தசை இருந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காருகிறது.

இந்த வரிசையில் கொழுப்பு கடைசியில் வருகிறது. வீடு எரிந்த பிறகு கிடக்கும் சாம்பல் மாதிரி. வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

3

சாம்பலா, நெருப்பா என்ற கேள்வியை எழுப்பியவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்ஸன் ஆய்வகத்தின் எலி. எலிகளை வம்சம் வம்சமாக வளர்த்து உலகுக்குக் கொடுக்கும் ஸ்தாபனம் அது. அங்கே தானாகவே ஒரு பிறழ்வு தோன்றியது. பின்னங்கால்கள் கடுமையாகச் சிதைந்தன. முன்னங்கால் தசைகள் ஏறக்குறைய தப்பித்தன. 2006-ல் காரணம் தெரிந்தது. குறை, கயிற்றிலோ கட்டுமானத்திலோ இல்லை. கோலின் கைனேஸ் பீட்டா என்ற என்ஸைம் அந்த எலியிடம் இல்லை. செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருட்களால் ஆனது. அவற்றில் முக்கியமானது பாஸ்பாடிடைல்கோலின். அதை உண்டாக்கும் முதல் படியை நடத்துவது இந்த என்ஸைம். ஆக, கொழுப்பைக் கையாளுவதில் ஏற்பட்ட பிழையே தசைச் சிதைவாக முடிய முடியும்.

2011-ல் இதே ஜீன் பழுதுபட்ட குழந்தைகள் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுடைய நோய் அதற்கு முன்பே ஜப்பானில் விவரிக்கப்பட்டிருந்தது: தசைச் செல்லின் ஓரங்களில் ராட்சதத்தனமாய்ப் பெருத்த மைட்டோகாண்ட்ரியாக்கள், நடுவில் ஒன்றும் இல்லை. காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. எலி முந்திக்கொண்டு சாட்சி சொல்லியிருந்தது.

அந்தச் சாட்சியமும் எளிமையானதல்ல. 2022-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் வந்த ஆய்வு, இந்த ஜீனை நீக்கிய எலிகளில் பாஸ்பாடிடைல்கோலினின் அளவு நோயின் எந்தக் கட்டத்திலும் குறிப்பிடும்படி மாறவில்லை என்று காட்டியது. எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் பள்ளம் இல்லை. மாறியது வேறு: தசை முதலில் கொழுப்பு அமிலங்களை எரித்துச் சக்தியாக்கும் திறனை இழக்கிறது, எரியாத கொழுப்பு போகப்போகச் செல்லுக்குள் துளிகளாகச் சேருகிறது. விறகு குவிந்த வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. கொழுப்பை எரிக்கும் ஜீன்களைத் தூண்டும் மருந்துகளைத் தனியே வளர்த்த தசைச் செல்களுக்குக் கொடுத்தபோது அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. கொழுப்பு சேர்வது நின்றது. செல்கள் காயப்படாமல் தப்பின. அது மட்டுமல்ல, காணாமல்போன என்ஸைமுக்கு ஆல்ஃபா என்று ஒரு சகோதர என்ஸைம் உண்டு, அதுவும் கூடியது. முன்னங்கால்கள் தப்பித்ததே இந்தச் சகோதரனின் தயவால்தான்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பார் ஹார்பர் எலிக்கு நோயை யாரும் கொடுக்கவில்லை. அது தானாக வந்தது. கையில் ரத்தம் இல்லை என்று சொல்லிக்கொள்ள வசதியான இடம் இது. ஆனால் தானாக வந்த நோய், தானாகவே போயும் இருக்கும். பின்னங்கால் வராத எலி காட்டில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? இயற்கை கருணையற்றது என்கிறோம். ஆனால் அது நோயைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு துன்பத்தைக் கண்டு, இது முடிந்துவிடக் கூடாது என்று அதற்கு இனப்பெருக்கம் செய்து, பெயர் சூட்டி, தலைமுறை தலைமுறையாய்ச் சொத்தைப்போல் காப்பாற்றி வருகிற ஒரே ஜீவன் மனிதன். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்காவிட்டால் அந்தக் குழந்தைகளின் நோய்க்குக் காரணம் இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ. என்ன செய்கிறோம் என்பதை அதன் பெயரால் அழைக்க வேண்டும் என்பதே என் கவலை.

4

எம்டிஎக்ஸ் எலிக்குத் திரும்புகிறேன். அது டுஷேன் நோய்க்குத் தகுந்த உவமானம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு தொந்தரவு. என் அக்கா மகனிடம் இல்லாத அதே புரதம்தான் அந்த எலியிடமும் இல்லை. ஆனால் அந்த எலி நடக்கிறது, ஓடுகிறது, குட்டி போடுகிறது, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாழ்கிறது. எலியின் தசை தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் ஒரு காரணம். டிஸ்ட்ரோஃபினின் இடத்தை ஓரளவு நிரப்பும் வேறொரு புரதம் இன்னொரு காரணம். நோய் அதனிடம் 'லேசாக' இருக்கிறது. ஆய்வறிக்கைகளில் இது ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஒரு ஜீவன் துன்பத்திலிருந்து தப்பித்திருப்பது அதன் குறை!

வான்கூவரில் இருந்த ஆய்வாளர்கள் இந்தத் தப்பித்தலுக்கு மேலும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று சந்தேகித்தார்கள். எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பயணம் செய்யும் விதம் வேறு. நமக்கு அது பெரும்பாலும் எல்டிஎல் என்ற துகள்களில் போகிறது, ரத்தக் குழாய்ச் சுவர்களில் படிவதற்குப் பேர்போன துகள்; எலிக்கோ பெரும்பாலும் எச்டிஎல் துகள்களில். எலியிடமிருந்து அபோ-ஈ என்ற புரதத்தை நீக்கிவிட்டால் அதன் ரத்தக் கொழுப்பு நம்முடையதன் திசைக்குத் திரும்பி வெகுவாக ஏறும். அப்படிப்பட்ட எலிகளை 1992-லேயே உருவாக்கியிருந்தார்கள், இருதய நோய்க்காக. வான்கூவரில் டிஸ்ட்ரோஃபினும் இல்லாத, அபோ-ஈயும் இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். கொழுப்பு மிகுந்த தீவனமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவுகள் வெளிவந்தன. அந்த எலிகளின் தசை கடுமையாகச் சிதைந்தது. நடை குலைந்தது. கெண்டைக்கால் தசையில், 1868-ல் டுஷேன் கண்டதுபோல, கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்தன.

உவமை பொருந்திவிட்டது.

கொழுப்பு வெறும் சாம்பல் அல்ல, எரிகிற வீட்டில் ஊற்றப்படும் எண்ணெயாகவும் இருக்கலாம் என்று அந்த எலிகள் சொல்லின. 2020-ல் அதே குழுவினரும் மற்றவர்களும், இந்த நோயுள்ள மனிதர்களிடமும் நாய்களிடமும் ரத்தக் கொழுப்பு இயல்புக்கு மாறாக இருப்பது பரவலாகக் காணப்படுகிறது என்று எழுதினார்கள். இது பெரிய விஷயம். கொலஸ்ட்ராலைக் கட்டுப்படுத்தும் மலிவான மருந்துகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவற்றால் ஏதாவது ஆகுமா என்று கேட்கவாவது ஒரு வழி திறக்கிறது.

ஆனால் அந்த வழி திறந்த விதத்தைப் பாருங்கள். எலிக்கும் பையனுக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசம்தான் எலிக்குக் கிடைத்த கருணை. அது கருணையாக இருந்தது என்று நமக்குத் தெரியவந்ததே அதைப் பறித்த பிறகுதான்.

5

விலங்குப் பரிசோதனை பற்றிய வாதத்தின் முடிச்சு பலமுறை சொல்லப்பட்டதுதான். எலி நம்மைப் போன்றதல்ல என்றால் அதைச் சோதித்துப் பயனில்லை; நம்மைப் போன்றது என்றால் அதைச் சோதிக்க நமக்கு உரிமையில்லை. இதைத் தர்க்க விளையாட்டாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போவது சுலபம். உடம்பில் போலிருக்கிறது, மனத்தில் போலில்லை என்று பதில் சொல்லிவிடலாம். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வான்கூவர் ஆய்வைப் படித்த இரவில் இந்த முடிச்சு என் வீட்டுக்குள் வந்தது.

நெய்.

அந்த எலி என் அக்கா மகனைப் போன்றது என்றால், அதன் துன்பத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. அது அவனுக்காகச் சொன்ன சாட்சியம் உண்மை. ஆனால் அப்போது, பதினாலு வருஷம் அவன் சோற்றில் கணக்கில்லாமல் நெய் ஊற்றிய என் அம்மா கூண்டில் ஏறுகிறாள். அந்த எலி அவனைப் போன்றதல்ல என்றால் அம்மா விடுதலை. ஆனால் எலி வீணாகச் செத்தது. ஒன்றின் நியாயம் இன்னொன்றின் குற்றமாக எனக்கு எதிரே நின்றது.

நிதானமாக யோசித்தால் வழக்கு இவ்வளவு கூர்மையானதல்ல. அபோ-ஈ நீக்கப்பட்ட எலியின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பு, நெய்க் கரண்டியால் எட்டக்கூடிய உயரம் அல்ல. நோயாளிகளிடம் கண்ட கொழுப்பு மாறுபாட்டையும் நோயோடு பிறந்த கோளாறாகவே அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், சாப்பாட்டால் வந்ததாக அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனைக் கொன்றது ஜீன். அந்த ஜீனைப் பற்றியும் டாக்டர் அன்று சொன்னது நினைவிருக்கிறது: பெரும்பாலும் தாய்வழியாக வருவது. அதைக் கேட்டபோது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல வருஷங்கள் அவள் யாரையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. குற்றவாளியைத் தேடிக் கிளம்பும் அறிவு, வழியில் முதலில் எதிர்ப்படும் பெண்ணிடம் நின்றுவிடுகிறது. மறுபடியும் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

என்றாலும் சமாதானம் முழுமையாக வரவில்லை. அம்மாவை விடுவிக்க நான் உபயோகிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் எலியை அவனிடமிருந்து ஓர் அடி தள்ளி வைக்கிறது. வேண்டும்போது போன்றது, வேண்டாதபோது போன்றதல்ல. இந்தச் சௌகரியம்தான் பரிசோதனைக்கூடத்தின் சௌகரியமும். விஞ்ஞானியிடம் நான் கண்டுபிடிக்க விரும்பிய போலித்தனத்தை ஒரே இரவில் என்னிடமே கண்டேன்.

6

எலியைக் கொன்றோம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆங்கில ஆய்வறிக்கைகள் வெகுகாலம் 'ஸாக்ரிஃபைஸ்' என்ற வினைச்சொல்லை எழுதிவந்தன. தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: தியாகம், பலி. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. தியாகம் செய்கிறவன் ஒருவன் இருக்கிறான்; பலி கொடுக்கப்படுவது. எங்கள் ஊர்க் கொடையில் கிடாவை வெட்டுவதற்கு முன் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் எந்தக் கிடாவும் சிலுப்பும் என்பது வெட்டுகிறவனுக்கும் தெரியும். இருந்தாலும் சிலுப்பும்வரை காத்திருப்பான். அது பொய்தான். ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது என்ற ஞாபகம் அந்தப் பொய்க்குள் மிச்சமிருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் அந்தப் பொய்யும் இல்லை. அங்கே நல்ல விதிகள் உண்டு: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று 1959-ல் இரண்டு ஆங்கிலேயர்கள் வகுத்த மூன்று நெறிகளை இன்று உலகம் ஏற்றிருக்கிறது. நான் அவற்றை மதிக்கிறேன். அவை செலவைக் குறைக்கச் சொல்கின்றன. கடன் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இது கடன். எலிக்குத் திருப்பிக் கொடுக்க முடியாத கடன். ஆகவே தள்ளுபடி செய்யவும் முடியாத கடன். தியாகம் என்ற சொல் அதைத் தள்ளுபடி செய்யும் தந்திரம். 'வெறும் எலி' என்ற சொல் கடனே வாங்கவில்லை என்று சாதிக்கும் தந்திரம். கடன்பட்டவனுக்குச் சில நிர்ப்பந்தங்கள் உண்டு. வாங்கியதை வீணடிக்கக் கூடாது. எலி சொன்ன சாட்சியம், பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், முழுதாகப் பதிவாக வேண்டும். விரும்பிய முடிவு வரவில்லை என்று அதை அலமாரியில் பூட்டுவது இரண்டாவது கொலை. அந்தச் சாட்சியம் மனிதர்களிடம் சரிபார்க்கப்பட்டு, பலன் என்று ஏதாவது இருந்தால், பணமில்லாத வீட்டுப் பையன் வரை போய்ச் சேர வேண்டும். இந்த நோய்க்கு 2023-ல் அமெரிக்காவில் ஒரு ஜீன் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது; முழு நிவாரணம் அல்ல, விலையோ கோடிகளில். எலியின் கடன் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது 88 வயது. நான் எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்னவென்று கேட்டாள். பயலுக்கு வந்த நோவைப் பற்றி என்றேன்.

"இப்பம் மருந்து வந்துட்டால?"

"வந்துக்கிட்டிருக்கும்மா. எலிய வச்சுப் பாக்காங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அதுக்கும் கால் வராமப் போச்சோ?"

ஆமாம் என்றேன். "பாவம்" என்றாள். அந்தச் சொல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நெய்யைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. அவளைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எலியும் அவனும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை ஆய்வறிக்கைகள் வேண்டியிருந்தன. எந்த விலையையும் தன் தலையில் இறங்கவிடாமல் தள்ளிப்போடும் சாமர்த்தியம் எங்கள் இருவரில் அவளுக்கு இல்லை.